கதவருகே நிற்பவர்: ஜேம்ஸ் ஹாங்கும் 'துணை' என்ற இடமும்

சீனர்கள் அபூர்வமாகவே தென்படுகிற ஒரு படத்துக்கு 'சைனாடவுன்' (1974) என்று பெயர். ரோமன் பொலான்ஸ்கி எடுத்தது. அந்தப் பெயர் ஓர் ஊர்ப்பகுதியைக் காட்டிலும், வெள்ளைத் துப்பறிவாளன் ஒருவனுக்குப் பிடிபடாத, அவன் கைமீறிப்போன சகலத்தையும்தான் குறிக்கிறது. பணக்கார வீட்டில் ஆசிய முகங்கள் வேலைக்காரர்களாக நடமாடுகின்றன. கதவைத் திறந்து, வந்தவனை உள்ளே விடலாமா வேண்டாமா என்று நிதானிக்கிற பட்லரின் பெயர் கான். கடைசியில் நாயகி ஒளிய இடமில்லாமல் மகளோடு போய்ச் சேர்வது இந்தப் பட்லரின் வீட்டுக்குத்தான். கேமரா மட்டும் தெருவோடு நின்றுவிடுகிறது. கானுக்குப் பெண்டாட்டி பிள்ளை உண்டா, அந்த எஜமானக் குடும்பத்தின் அழுகலைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பதெல்லாம் பிரதிக்கு வேண்டாத சமாச்சாரம்.

கானாக நடித்த ஜேம்ஸ் ஹாங் 1929இல் மினியாபொலிஸில் பிறந்த சீன அமெரிக்கர். சிவில் எஞ்சினியரிங் படித்து, லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் சாலைப் பொறியாளராக வேலை பார்த்தவர். 1954இல் குரௌச்சோ மார்க்ஸின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் குரௌச்சோவையே மிமிக்ரி செய்து காட்டிக் கவனம் பெற்றார். அடுத்த வருஷமே கிளார்க் கேபிள் படத்தில் சின்ன வேடம். பிறகு ஏறக்குறைய எழுபது வருஷம். படம், தொடர், குரல் எல்லாம் சேர்த்து 600க்கு மேல் என்கிறார்கள். எண்ணிக்கையைப் பார்த்து வாய் பிளக்கிறதெல்லாம் ஞாயிறு மலர்க்காரர்கள் வேலை. இத்தனை பிரதிகளில் ஓர் உடல் திரும்பத் திரும்ப எந்த இடத்தில் நிறுத்தப்பட்டது, அங்கே நின்றுகொண்டு அது என்ன செய்தது என்பதுதான் என் அக்கறை.

முதலில் அந்த இடம் எப்படி உற்பத்தியாயிற்று என்று பார்க்கணும். 'தி குட் எர்த்' (1937) சீன விவசாயிகளின் கதை. நாயகன் பால் முனி, நாயகி லூயிஸ் ரைனர். இரண்டு பேரும் வெள்ளையர்கள். கறுப்பர்–வெள்ளையர் காதலைத் திரையில் தடைசெய்த விதியை ஸ்டூடியோக்கள் ஆசியர்களுக்கும் நீட்டிவைத்திருந்தன. சீனனாக நடிப்பவன் வெள்ளையன், ஆகவே அவன் பெண்டாட்டியாக நடிப்பவள் சீனத்தியாக இருக்கக் கூடாது! இந்தத் தர்க்கத்தின் அழகே தனி. அன்னா மே வாங் என்ற தேர்ந்த சீன அமெரிக்க நடிகை வெளியே நின்றார். ரைனருக்கு ஆஸ்கார் கிடைத்தது.

ஹாங் நுழைந்தது இந்த ஏற்பாட்டுக்குள்தான். 1957இல் தொடங்கிய சார்லி சான் தொடரில் சீனத் துப்பறிவாளராக வந்தவர் ஐரிஷ் வம்சாவளி ஜே. கேரல் நைஷ். மகனாக வந்தவர் ஹாங். அசல் சீனர் போலிச் சீனரைப் பார்த்து அப்பா என்கிறார். நகல், அசலைப் பெற்றெடுத்துவிட்டது. அதற்கு முந்தின வருஷம் நடந்தது இன்னும் விபரீதம். ஹோண்டா இஷிரோவின் 'காட்ஸில்லா' (1954) அணுகுண்டின் வடுவிலிருந்து எழுந்த ஜப்பானியப் படம். அமெரிக்கர்கள் அதை வெட்டி ஒட்டி, ரேமண்ட் பர் என்ற வெள்ளை நிருபரை நடுவில் செருகி, 1956இல் வெளியிட்டார்கள். குண்டு போட்டவன் வீட்டு ஆளே சாட்சியாகிவிட்டான். ஜப்பானியப் பாத்திரங்கள் பலவற்றுக்கு ஆங்கிலத்தில் குரல் தந்தவர் ஹாங். சீனனோ ஜப்பானியனோ, மையத்துக்கு எல்லாம் ஒரே குரல்தான்.

'துணை' என்கிற வகைப்பாடே ஓர் அதிகாரப் படிநிலைதான். துணை நடிப்புக்கான ஆஸ்கார் 1936ஆம் வருஷத்துப் படங்களிலிருந்துதான் ஆரம்பம். முதல் சில வருஷங்கள் அவர்களுக்கு முழுச் சிலை கிடையாது, பட்டயம் மட்டும். தமிழில் 'துணை நடிகர்' என்றால் கூட்டத்தில் நிற்கிறவர் என்றும் அர்த்தமாகிவிடுவது தற்செயலில்லை. நாயகன் என்ற தன்னிலை தன்னைக் கட்டிக்கொள்ள, கதவு திறப்பவனும் தட்டு ஏந்துபவனும் வேணும்.

அப்படின்னா இந்த வேடங்களை ஏற்றது சமரசமில்லையா? கேட்க வேண்டிய கேள்விதான். 'பிக் டிரபிள் இன் லிட்டில் சைனா' (1986) படத்தில் அவர் செய்த லோ பான், ஃபூ மாஞ்சு காலத்து வில்லனின் சாயல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஏற்பு அல்லது மறுப்பு என்ற இருமையை நான் நம்பவில்லை. வேடம் கேட்டு நின்ற அதே ஆட்கள் 1965இல் லாஸ் ஏஞ்சலிஸில் 'ஈஸ்ட் வெஸ்ட் பிளேயர்ஸ்' நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். நிறுவியவர்களில் மாகோவும் ஹாங்கும் உண்டு. முதல் நாடகம் 'ராஷோமோன்'. ஒரே சம்பவத்தைப் பலர் பலவிதமாகச் சொல்கிற கதை. ஹாலிவுட்டில் ஒரே விதமாகச் சொல்லப்பட்டவர்கள் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

இடத்துக்குள் நின்றே இடத்தைக் குலைப்பதற்கு 'சைன்ஃபெல்ட்' தொடரின் சீன உணவகப் பகுதியை (1991) சொல்வேன். ஹாங் அங்கேயும் வாசலில் நிற்கிறவர்தான், கானைப் போல. இந்தத் தடவை உள்ளே போக முடியாமல் தவிப்பது வெள்ளையர்கள். இதோ அஞ்சு பத்து நிமிஷம் என்று சொல்லிச் சொல்லியே கதை முழுக்க அவர்களை நிற்க வைக்கிறார். கோஸ்டான்ஸா என்ற பெயர் அவர் வாயில் 'கார்ட்ரைட்' ஆகிவிட, ஜார்ஜுக்கு வந்த தொலைபேசி அழைப்பு கைநழுவுகிறது. உச்சரிப்பைக் கேலி செய்வது என்று ஒருவர் வாசிக்கலாம். எனக்கு அது, பெயர்களைச் சிதைத்தே பழகியவர்களுக்குத் தங்கள் பெயர் சிதைவதைக் காட்டியதாகப் படுகிறது.

'பிளேட் ரன்னர்' (1982) படத்தில் அவருக்குச் சில நிமிஷங்கள்தான். செயற்கை மனிதர்களுக்குக் கண் செய்கிறவர். உறைந்த அறையில் நடுங்கிக்கொண்டு, தான் செய்த கண்களாலேயே பார்க்கப்படுகிறார். பார்வையின் அதிகாரம் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் காட்சியிடம் வந்தே ஆகணும்.

2022 மே மாதம் ஹாலிவுட் நடைபாதையில் அவருக்கு நட்சத்திரம் பதித்தபோது வயசு 93. 2023 பிப்ரவரியில் 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' நடிகர் குழுவுக்குத் திரை நடிகர் சங்க விருது கிடைத்தது. அந்த மேடையில் கேபிளோடு நடித்ததைச் சொன்னார். கண்ணோரத்தை டேப்பால் இழுத்துக் கட்டிய வெள்ளையர்கள் முன்னணி வேடம் போட்ட காலத்தையும், ஆசியர் நடித்தால் படம் ஓடாது என்று தயாரிப்பாளர்கள் சொன்னதையும் சிரிப்பு மாறாமல் சொன்னார். அடுத்த மாதம் அதே படத்துக்காகத் துணை நடிகர் ஆஸ்கார் கே ஹுய் குவானுக்குப் போயிற்று. ஹாங் பெயர் பரிந்துரைப் பட்டியலில் இல்லை.