கொடையால் எழுந்த கலைக்கூடம்

உலகின் பெரிய நூதனசாலைகள் நிறைந்த வரலாறு பெரும்பாலும் ஒரே தன்மையது. மன்னர் திரட்டிய செல்வம் ஒரு பங்கு. போரிற் கவர்ந்தவை ஒரு பங்கு. செல்வர் விலைகொடுத்து வாங்கியவை எஞ்சிய பங்கு. தென்னமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒடுங்கி நீண்டு கிடக்கும் சிலி நாட்டிலே 1972ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஓவியக் காட்சியோ இவற்றுள் எதிலும் அடங்காது. அங்கு வைக்கப்பட்டவை, பல நாட்டுக் கலைஞர் சிலி மக்களுக்கென மனமுவந்து அனுப்பிய நன்கொடைகள்.

சமதர்மவாதியான சால்வடோர் அலெண்டே 1970ஆம் ஆண்டு நவம்பரில் அந்நாட்டின் ஜனாதிபதியானார். அந்நியக் கம்பனிகள் வசமிருந்த பெரிய செப்புச் சுரங்கங்கள் அடுத்த ஆண்டில் நாட்டுடைமையாயின. வெளிநாட்டுப் பத்திரிகைகள் பல அவ்வரசைக் கடுமையாகத் தாக்கின. நேரில் வந்து பார்த்தே தீர்ப்புக் கூறுங்கள் என்று அரசு 1971இல் எழுத்தாளரையும் கலைஞரையும் அழைத்தது. அவ்வாறு சென்றவருள் ஸ்பானிய விமர்சகர் மொரேனோ கல்வானும் இத்தாலிய எழுத்தாளரும் ஓவியருமான கார்லோ லேவியும் இருந்தனர். வாயளவிலான ஆதரவோடு நில்லாமல், கலைஞர் தத்தம் படைப்புகளையே வழங்கலாமே என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது.

இதற்கென அமைந்த சர்வதேசக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மாரியோ பெட்ரோசா. பிறேசிலின் இராணுவ ஆட்சிக்குத் தப்பிச் சிலியிற் புகலடைந்த கலை விமர்சகர் அவர். புகல் தந்த நாட்டிற்கு அகதியொருவர் செலுத்திய கைம்மாறு இதனிலும் பெரிதாக இருத்தல் அரிது.

1972 மே 17ஆம் திகதி சந்தியாகோ நகரிலே காட்சி திறக்கப்பட்டது. ஸ்பெயினின் ஜுவான் மிரோ, சேவலொன்றைச் சிலிக்கெனவே தீட்டி அனுப்பியிருந்தார். அமெரிக்க ஓவியர் பிராங்க் ஸ்டெல்லாவின் கொடையோ வெறும் கோடும் வளைவும் வண்ணமுமாய் அமைந்தது. அதில் அரசியலைத் தேடுவோர் ஏமாந்தே போவர். உயர்த்திய கரங்களையும் கொடிகளையும் வரைந்தாலன்றி ஒருமைப்பாடு புலப்படாது என்போர் உளர். குழுவினர் அங்ஙனம் கருதவில்லை. இன்ன பொருளை இன்ன பாணியிலே தீட்டுக என்று எவரையும் பணிக்கவுமில்லை. இக்காட்சியில் ஒருமைப்பாடு படத்தின் பொருளில் இல்லை. கொடுத்த செயலிலே இருந்தது.

கொடை மக்களுக்கு உரியது, ஆளும் அரசுக்கு அன்று என்ற நுட்பமான வேறுபாடும் அதில் அடங்கியிருந்தது. அதன் பயன் விரைவிலேயே வெளிப்பட்டது.

1973 செப்டெம்பர் 11ஆம் திகதி இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. அலெண்டே ஜனாதிபதி மாளிகையிலே உயிர் துறந்தார். பெட்ரோசா மெக்சிக்கோத் தூதரகத்தில் அடைக்கலம் புகுந்து மீண்டும் நாடிழந்தார். அதற்குள் 600க்கு மேற்பட்ட படைப்புகள் சேர்ந்திருந்தன. அவற்றுட் பல கிடங்குகளில் ஒளியிழந்து கிடந்தன. சில காணாமற் போயின.

ஆயினும் கொடை பெற்ற மக்கள் இருக்கவே செய்தனர். எனவே நாடு கடந்து வாழ்ந்தோர் 1975ஆம் ஆண்டளவில் பணியை மீளத் தொடங்கினர். இம்முறை அதன் பெயர் 'எதிர்ப்பின் நூதனசாலை'. கியூபாவிலும் பாரிசிலும் இருந்தபடி பெட்ரோசாவும் நண்பர்களும் கடிதங்கள் எழுதினர். பிரான்சு, ஸ்பெயின், சுவீடன், மெக்சிக்கோ முதலிய நாடுகளிலே குழுக்கள் அமைந்தன. கலைஞர் மறுபடியும் கொடுத்தனர். கட்டடமோ சுவரோ இல்லாத அந்நூதனசாலை ஊரூராகச் சென்று காட்சியளித்தது. சிலியில் மக்களாட்சி திரும்பும் நாள்வரை அப்படைப்புகள் ஆங்காங்கே காப்பிலிருந்தன. அந்த நாள் எப்போது வரும் என்று அன்று எவரும் சொல்லியிருக்க முடியாது. பெட்ரோசா அதைக் காணாமலே 1981இல் மறைந்தார்.

1990இல் இராணுவ ஆட்சி முடிவுற்றது. அடுத்த ஆண்டிலே, கிடங்கிற் கிடந்தவையும் கடல்கடந்து வந்தவையும் சந்தியாகோவின் தேசிய நுண்கலை நூதனசாலையில் ஒருங்கே வைக்கப்பட்டன. இன்று அலெண்டேயின் பெயர் தாங்கிய ஒருமைப்பாட்டு நூதனசாலையில் 2,500க்கு மேற்பட்ட படைப்புகள் உள்ளன. அது குடியிருக்கும் பழைய மாளிகை, இராணுவ ஆட்சிக் காலத்தில் இரகசியப் பொலிசார் பயன்படுத்திய இல்லமாகும்.