வாக்கியத்தில் யாருக்கு யார் சமம்?



நினைவுப் பேருரையில் வாக்கிய அமைப்பைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், "இலக்கணப் பாடமா?" என்று அமைப்பாளர் ஒருவர் சிரித்தார். பாடம்தான். ஆனால் இதை நான் படித்தது வகுப்பில் அல்ல. இன்று நாம் நினைவுகூரும் அண்ணனிடம், மனு எழுதும் மேசையில் படித்தேன்.

எங்கள் ஊரில் சுடுகாட்டுப் பாதையை வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த நான்தான் மனு எழுதினேன். ஒன்றரைப் பக்கம், ஒரே வாக்கியம். பாதை அடைக்கப்பட்டு, பாடை தடுத்து நிறுத்தப்பட்டு, சாதிப் பெயர் சொல்லித் திட்டப்பட்டு, உடல் வெயிலில் கிடத்தப்பட்டு என்று போய்க்கொண்டே இருந்தது. அலுவலகத்தில் வாங்கிப் படித்தவர் பாதியில் நிமிர்ந்து, "சரிப்பா, இப்ப உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். அன்றிரவு அண்ணன் அதைப் படித்துவிட்டு, "யாரு தடுத்தா, யாரு திட்டினா? ஒரு ஆளையும் காணோமே தம்பி" என்றார்.

தமிழில் வினை கடைசியில் வருகிறது. 'செய்து', 'வந்து', 'போய்' என்று எச்சங்களை எத்தனை வேண்டுமானாலும் கோத்துக்கொண்டு போகலாம். ஆனால் வாக்கியத்தின் கனம் முற்றுவினையில்தான் போய் இறங்கும். அதற்கு முன்னால் வந்தவை எல்லாம் அதற்குப் போகிற வழி ஆகிவிடுகின்றன. என் மனுவில் பாடையை மறித்தது ஒரு வழி, திட்டியது இன்னொரு வழி. 'பட்டு, பட்டு' என்ற செயப்பாட்டுவினையோ செய்தவனை வாக்கியத்தை விட்டே வெளியே அனுப்பிவிட்டது. கொடுமை செய்தவனுக்கு இதைவிடப் பெரிய உதவி நாம் செய்ய முடியாது.

அண்ணன் திருத்தியது ஏறக்குறைய இப்படி இருந்தது: "திங்கட்கிழமை காலை பாதையில் வேலி போட்டவர் இன்னார். செவ்வாய்க்கிழமை அதே இடத்தில் பாடையை மறித்தவர் இன்னார். பேருந்து நிறுத்தத்தில், பலர் பார்க்க, எங்களைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டியவர் இன்னார். பாதை வேண்டும்."

மூன்று வாக்கியங்கள் ஒரே அச்சில் வார்த்தவை. என்று, எங்கே, என்ன, யார். இதைத்தான் இணை அமைப்பு என்கிறோம். ஒரே அச்சில் நிற்பதால் மூன்றும் ஒரே கனம் பெறுகின்றன, ஒன்று இன்னொன்றுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. நான்காவது வாக்கியம் இரண்டே சொல். காது அதே அச்சை எதிர்பார்த்திருக்கும்போது அது உடைகிறது. கோரிக்கை அங்கே நிற்கிறது.

இது வெறும் நடை விஷயமும் அல்ல. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். குற்றங்களை ஒவ்வொன்றாக, உட்பிரிவு உட்பிரிவாக, தனித்தனியே அடுக்குகிறது. ஒவ்வொன்றும் தன்னளவிலேயே குற்றம். சாதிப் பெயர் சொல்லித் திட்டியதாகப் புகார் கொடுத்தால், அது பொதுமக்கள் பார்வையில் படும் இடமா என்ற கேள்வி வரும். எச்சங்களைக் கோத்து எழுதிய புகாரில் இடம் எந்தச் செயலோடு சேர்கிறது என்றே தெரியாது. தனித்தனி வாக்கியமாக எழுதினால் தெரியும். 'பேருந்து நிறுத்தத்தில், பலர் பார்க்க' என்று அண்ணன் நடுவில் வைத்தது அலங்காரத்துக்காக அல்ல.

இணை அமைப்பை ருசி கண்டவர்கள் அதை விடமாட்டார்கள், அது வேறு சிக்கல். நம் துண்டறிக்கைகளில் 'எங்கே? எங்கே?' என்று பன்னிரண்டு வரி ஓடும். ஐந்தாவது வரியில் கேட்பவர் அச்சைக் கற்றுக்கொண்டுவிடுகிறார். அப்புறம் சொல்லைக் கேட்பதில்லை, தாளத்தை மட்டும் கேட்கிறார். என் கணக்கு மூன்று. மிஞ்சினால் நான்கு. நம் பாட்டிகளின் ஒப்பாரியைக் கவனித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரே வரி திரும்பத் திரும்ப வரும், ஒரு சொல் மட்டும் மாறும். சரியாக நாம் பழகிய நேரத்தில் அச்சை விட்டு ஒரு நீண்ட அடி பீறிட்டு வரும். சுற்றியிருப்பவர்கள் அழுவது அங்கேதான்.

அச்சு பிசகினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "நிலமும், கூலி உயர்வும், எங்களை மரியாதையாக நடத்த வேண்டும்" என்று ஒரு தட்டியில் பார்த்தேன். முதல் இரண்டும் வினை இல்லாமல் தொங்குகின்றன. "நிலம் வேண்டும், கூலி உயர்வு வேண்டும், மரியாதை வேண்டும்" என்றால் போதும்.

மாணவர்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. இணை அமைப்பு சமமாக்கும் என்றேன். சமமில்லாதவற்றையும் அது சமமாக்கிவிடும். "இரு பிரிவினரிடையே மோதல்" என்ற தலைப்பை எத்தனை முறை படித்திருப்போம்! ஆட்கள் திரண்டு வந்து குடிசைகளைக் கொளுத்தியிருப்பார்கள். ஆனால் 'இரு பிரிவினர்' என்ற ஒரே சொல்லுக்குள், ஒரே வேற்றுமை உருபின் கீழ், கொளுத்தியவரும் வீடிழந்தவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். இப்படி எழுதுகிறவர் தன்னை நடுநிலையாளர் என்று நம்பிக்கொண்டிருப்பார். உண்மை அறியும் குழு அறிக்கை எழுதும்போது நீங்களும் இந்த வலையில் விழுவீர்கள், நானும் விழுந்திருக்கிறேன். "அவர்கள் கொளுத்தினார்கள். இவர்கள் ஓடினார்கள்." அச்சு ஒன்று, வினை வேறு. இங்கே யாரும் யாருக்கும் சமமாகிவிடவில்லை.

இந்தக் கருவியை அம்பேத்கர் எப்படிக் கையாண்டார் என்பதற்கு 1949 நவம்பர் 25ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அவர் ஆற்றிய உரையைப் படியுங்கள். 1950 ஜனவரி 26 அன்று முரண்பாடுகள் நிறைந்த வாழ்வுக்குள் நுழைகிறோம் என்று எச்சரிக்கிறார். அரசியலை ஒரு பக்கமும் சமூக, பொருளாதார வாழ்வை மறுபக்கமும் ஒரே வடிவத்தில் வைக்கிறார். ஒரு பக்கம் சமத்துவம், மறுபக்கம் சமத்துவமின்மை. வடிவம் பொருந்தப் பொருந்த, நிலைமை பொருந்தாதது உறைக்கிறது. உடனே அதே வடிவத்தில் தொடராமல் கேள்விகளுக்குத் தாவுகிறார், இந்த முரண்பாட்டோடு எத்தனை காலம் வாழப்போகிறோம் என்று.

எங்கள் ஊர்ப் பாதை திறக்க மேலும் பதினான்கு மாதம் ஆனது, அதற்குள் மூன்று மனு. மூன்றாவதை நான் எழுதினேன். அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார். ஒரே ஒரு 'மற்றும்' மீது கோடு போட்டுவிட்டு, "போய்க் குடுத்துட்டு வா" என்றார்.