லினக்ஸ் மெய்நிகராக்கம்: சுழல் பூட்டுச் சிக்கலும் தீர்வும்

கே.வி.எம். என்பது லினக்ஸ் கருனிக்குள்ளேயே அமைந்த மெய்நிகராக்க வசதி ஆகும். ஒரே கணினியைப் பல மெய்நிகர் கணினிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனி இயங்குதளத்தை இயக்க இது உதவுகிறது. இதனை ஏவி கிவிட்டி 2006 அக்டோபரில் அறிவித்தார். 2007 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் 2.6.20 பதிப்பில் இது இடம்பெற்றது. இன்டெல், ஏ.எம்.டி. செயலிகளில் அப்போது புதிதாக வந்திருந்த மெய்நிகராக்க வசதியே இதன் அடிப்படை. ஆயினும் வன்பொருளின் உதவி மட்டும் போதவில்லை என்பதற்குச் சுழல் பூட்டு நல்ல எடுத்துக்காட்டு.

சுழல் பூட்டு

பல செயலிகள் ஒரே தரவை ஒரே நேரத்தில் மாற்றினால் தரவு கெட்டுவிடும். அதைத் தடுக்கக் கருனி பூட்டுகளைப் பயன்படுத்துகிறது. சுழல் பூட்டு கிடைக்காத செயலி வேறு வேலைக்குப் போகாது. பூட்டு திறந்துவிட்டதா என்று ஓயாமல் சோதித்தபடியே நிற்கும். 2008இல் வெளியான லினக்ஸ் 2.6.25 பதிப்பில் இதற்கு வரிசை முறை வந்தது. வங்கியில் டோக்கன் வாங்குவது போல, ஒவ்வொரு செயலியும் ஓர் எண்ணைப் பெற்று, தன் முறை வரும்வரை காத்திருக்கும்.

சிக்கல்

உண்மையான கணினியில் பூட்டு மிகக் குறுகிய நேரமே மூடியிருக்கும் என்பதால் இந்தக் காத்திருப்பால் பெரிய இழப்பில்லை. மெய்நிகர் கணினியில் நிலைமை வேறு. அங்குள்ள 'செயலி', புரவலர் கணினியின் பார்வையில் மற்றுமொரு பணி மட்டுமே. பூட்டை வைத்திருக்கும்போதே புரவலர் அதை நிறுத்திவிட்டு வேறொன்றை இயக்கலாம். அப்போது மற்ற மெய்நிகர் செயலிகள் பயனின்றிச் சுழன்று, உண்மையான செயலியின் நேரத்தை வீணாக்கும். வரிசை முறை இதை மேலும் மோசமாக்கியது. பூட்டு திறந்தாலும், அடுத்த எண்ணுக்குரிய செயலி ஓடாமல் இருந்தால் பின்னால் நிற்பவை எதுவும் பூட்டைப் பெற முடியாது.

தீர்வு

விருந்தினர் இயங்குதளமும் புரவலரும் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லிக்கொள்வதே தீர்வாக அமைந்தது. சிறிது நேரம் சுழன்றும் பூட்டு கிடைக்காத மெய்நிகர் செயலி, தான் காத்திருப்பதைக் குறித்துவைத்து உறங்கிவிடும். பூட்டைத் திறக்கும் செயலி, அடுத்த எண்ணுக்குரியதை எழுப்பும்படி புரவலரைக் கேட்கும். மெய்நிகராக்கம் இல்லாத கணினியில் இந்தக் கூடுதல் பாதை இயங்குவதில்லை.

சென் மெய்நிகராக்கத்திற்காக ஜெரமி ஃபிட்ஷார்டிங்கே தொடங்கிய இப்பணியை, ஐ.பி.எம். நிறுவனத்தின் இந்தியப் பொறியாளர்களான ஸ்ரீவத்சா வட்டகிரி, ராகவேந்திரா கே.டி. ஆகியோர் கே.வி.எம்.முக்கு விரிவாக்கினர். பலமுறை திருத்தப்பட்ட பின், 2013 நவம்பரில் வெளியான லினக்ஸ் 3.12 பதிப்பில் இது சேர்ந்தது. 2015இல் லினக்ஸ் 4.2 பதிப்பில் வேறொரு வரிசைப் பூட்டு இதன் இடத்தைப் பிடித்தது. உறங்கி எழுப்பும் முறை மட்டும் அதிலும் தொடர்ந்தது.

பயன்

கருனியில் ஒருமுறை சேர்ந்த திருத்தம் அதைப் பயன்படுத்தும் எல்லா லினக்ஸ் வழங்கல்களுக்கும் போய்ச் சேர்கிறது. சென்னை சி-டாக் உருவாக்கும் பாஸ் லினக்ஸும் அவற்றுள் ஒன்று. தனித்தனிக் கணினிகள் வாங்க இயலாத கல்லூரி ஆய்வகம்கூட, உரிமக் கட்டணமின்றி ஒரே கணினியில் பல இயங்குதளங்களை மாணவர்களுக்கு இயக்கிக் காட்ட முடிகிறது.