பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறதா?

ஆழ்வார்குறிச்சி, கடையம் வட்டாரத்துக் காய்கறிகள் இப்போது பெரும்பாலும் சின்னச் சரக்கு வண்டிகளில்தான் பாவூர்சத்திரம் சந்தைக்குப் போகின்றன. இந்த வண்டிகளில் அடிக்கடி காணும் கோளாறு ஒன்று உண்டு. பிரேக்கை மிதித்தவுடன் ஸ்டியரிங் கையில் கிடுகிடுவென்று நடுங்கும். உடனே டயரை மாற்றுகிறவர்கள் பலர். அதற்கும் நிற்காவிட்டால் அலைன்மென்ட், பிறகு ஷாக் அப்சார்பர். ஒரு போகத்து மிச்சம் இப்படியே கரைந்துவிடும். நடுக்கம் மட்டும் போகாது.

நடுக்கம் எப்போது வருகிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். பிரேக்கைத் தொடாமலே 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் நடுங்கினால் வீல் பேலன்சிங், ரிம் நெளிவு, டயர் வீக்கம் ஆகியவற்றைப் பார்க்கலாம். மிதிக்கும்போது மட்டும் வந்து, காலை எடுத்ததும் நின்றுவிட்டால் குறை பிரேக்கில் இருக்கிறது. ஸ்டியரிங் ஆடினால் முன் சக்கரம். ஸ்டியரிங் சும்மா இருக்க, சீட்டும் பாடியும் அதிர்ந்தால் பின் டிரம். சந்தேகம் இருந்தால், ஆளில்லாத நேரான சாலையில் சுமை இல்லாமல் 30 கிலோமீட்டர் வேகத்தில் கை பிரேக்கின் பொத்தானை அழுத்தியபடியே மெதுவாக இழுத்துப் பார்க்கவும். கை பிரேக் பின் சக்கரத்தை மட்டும் பிடிப்பதால், அப்போதும் அதிர்ந்தால் டிரம் வட்டம் கெட்டிருக்கிறது.

முன் சக்கரத்தில் டிஸ்க்கை இரண்டு பேடுகள் இருபுறமும் கவ்வுகின்றன. டிஸ்க்கின் கனம் சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். 0.02 மில்லிமீட்டர் வித்தியாசமே, அதாவது தலைமுடிக் கனத்தில் பாதிகூட இல்லாத அளவே, கைக்குத் தெரியப் போதும். "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று பட்டறையில் சொல்வது வழக்கம். உண்மையில் பெரும்பாலும் அது வளைவதில்லை. ஓரிடத்தில் தேய்ந்தோ, பேடின் பொருள் ஓரிடத்தில் ஒட்டியோ கனம் மாறிவிடுகிறது.

இதற்கு முக்கியக் காரணம், பலரும் பார்க்காத இடத்தில் இருக்கிறது. வாய்க்கால் நீரிலும் வயல் சேற்றிலும் இறங்கும் வண்டியின் ஹப்பில் துரு ஏறும். அந்தத் துருவின் மேலேயே புது டிஸ்க்கை மாட்டினால் அது சற்றுச் சாய்ந்து உட்காரும். பிரேக் பிடிக்காத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசும். முதல் நாள் எதுவும் தெரியாது. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் அந்த இடம் தேய்ந்து, நடுக்கம் மறுபடி தொடங்கும். "போன தடவைதானே மாற்றினோம், கம்பெனிச் சரக்கே சரியில்லை" என்று கடைக்காரரிடம் சண்டை போடுவதில் பயனில்லை. கம்பிப் பிரஷ்ஷால் ஹப்பைத் தேய்த்துத் துருவை எடுத்துவிட்டு மாட்டச் சொல்ல வேண்டும். கால் மணி நேர வேலை. ஸ்பேனரில் குழாய் செருகி, ஏறி மிதித்து வீல் நட்டை இறுக்குவதும் டிஸ்க்கைச் சாய்க்கும். நட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்குவதே முறை.

இன்னொரு காரணம் சூடு. புளியரை எஸ் வளைவு ஏறி, ஆரியங்காவு தாண்டித் தென்மலைப் பக்கம் சுமையோடு இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. கியரைக் குறைத்து இறங்க வேண்டும். இறங்கிய கையோடு வண்டியை நிறுத்திப் பிரேக்கை அழுத்தியபடியே இருந்தால், கொதிக்கும் டிஸ்க்கில் பேடின் பொருள் ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுக் காலை எடுத்துவிடலாம்.

டிராக்டர்த் தொழிலுக்குப் பேர்போன டாஃபே நிறுவனத்தை 1960-இல் தொடங்கிய குழுமத்தின் தலைவர் எஸ். அனந்தராமகிருஷ்ணனுக்குச் சொந்த ஊர் ஆழ்வார்குறிச்சி. இயந்திரம் இந்த ஊருக்குப் புதிதல்ல. எனவே பட்டறையில் கூச்சப்படாமல் கேட்கலாம்: டயல் கேஜ் வைத்து டிஸ்க்கின் ஆட்டத்தைப் பார்த்தீர்களா? மைக்ரோமீட்டரில் ஏழெட்டு இடத்தில் கனம் அளந்தீர்களா? காலிப்பர் பின் இறுகியிருக்கிறதா? வீல் பேரிங், பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட் தளர்ந்திருந்தால் சிறு நடுக்கமும் பெரிதாகும். ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

டிஸ்க்கில் கனம் மிச்சம் இருந்தால் லேத்தில் கடைந்து சரிசெய்யலாம். குறைந்தபட்சக் கனம் பல டிஸ்க்குகளின் விளிம்பிலேயே அச்சிட்டிருக்கும். அதற்குக் கீழே கடையக் கூடாது. மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். நடுக்கத்தோடு பெடல் ஆழமாக இறங்கினாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, இரும்பு உரசும் ஓசை கேட்டாலோ அன்றைக்குச் சுமை ஏற்ற வேண்டாம். புது டிஸ்க், பேட் போட்டபின் முதல் 200, 300 கிலோமீட்டர் வரை பலமாக மிதிக்காமல் ஓட்டிப் பழக்க வேண்டும்.