ஊக்கிகளும் உக்கும் பிளாத்திக்கும்

(க.பொ.த. சாதாரண தரம் - விஞ்ஞானம்)



2017 செப்தெம்பர் 1 முதல் எமது நாட்டில் பொலித்தீன் லஞ்ச் சீற் தடைசெய்யப்பட்டது. அதன் பின்னர் "உக்கும் பிளாத்திக்கு" என்பதை நீங்கள் அடிக்கடி கேள்விப்படுகிறீர்கள். வகுப்பில் ஒரு மாணவி, "ரீச்சர், ஊக்கி சேர்ப்பதனாலா அது உக்குகிறது?" எனக் கேட்டார். நல்ல வினா. ஆனால் விடை "இல்லை" என்பதாகும். ஏன் என்பதைப் படிப்படியாக நோக்குவோம்.

1. நினைவூட்டல்

சிறிய ஒருபகுதிய மூலக்கூறுகள் பல இணைந்து நீண்ட சங்கிலியாவதே பல்பகுதியமாக்கல். எதீன் மூலக்கூறுகள் இணைந்து பொலித்தீன் உண்டாகிறது. அதன் சங்கிலி முழுவதும் காபன் - காபன் பிணைப்புகளே. அவற்றை நீரோ நுண்ணங்கிகளோ இலகுவில் உடைக்க மாட்டா.

ஊக்கி என்பது தாக்கவீதத்தைக் கூட்டி, தாக்க முடிவில் இரசாயன ரீதியில் மாறாது எஞ்சும் பதார்த்தமாகும். ஐதரசன் பரவொட்சைட்டுடன் மங்கனீசீரொட்சைட்டைச் சேர்த்துச் செய்த பரிசோதனையை நினைவுகூருங்கள். ஒட்சிசன் விரைவாக வெளியேறியது. கரிய தூளின் திணிவோ மாறவில்லை.

2. இலற்றிக் அமிலமும் நீரின் தொல்லையும்

காற்றின்றிய சுவாசத்தின்போது தசைகளில் உண்டாகும் இலற்றிக் அமிலத்தை அறிவீர்கள். சோளத்திலிருந்து பெறும் வெல்லத்தை பற்றீரியாக்களால் நொதிக்கச் செய்தும் இதனைப் பெறலாம். இதிலிருந்து ஆக்கப்படும் பொலிஇலற்றிக் அமிலம் உக்கக்கூடிய பல்பகுதியமாகும்.

இரு இலற்றிக் அமில மூலக்கூறுகள் இணையும்போது எசுத்தர் பிணைப்பு ஒன்று உண்டாகி, ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். தொல்லை இங்கேதான். வெளியேறிய நீர் அதே பிணைப்பை மீண்டும் உடைக்கக்கூடியது. சராசரியாக 100 அலகு நீளமான சங்கிலி கிடைக்க, உருவாகக்கூடிய பிணைப்புகளில் 99 சதவீதம் உருவாக வேண்டும். 1000 அலகு வேண்டுமெனில் 99.9 சதவீதம் வேண்டும். 1932 இல் அமெரிக்க இரசாயனவியலாளர் வலஸ் கரோதர்ஸ் இலற்றிக் அமிலத்தை வெற்றிடத்தில் வெப்பமேற்றியபோது குறுகிய சங்கிலிகளே கிடைத்தன. குறுகிய சங்கிலியாலான பொருள் எளிதில் நொறுங்கும்.

ஊக்கி சேர்த்தால் இத்தொல்லை தீருமா? தீராது. மீளும் தாக்கமொன்றில் ஊக்கியானது முன்தாக்கம், பின்தாக்கம் இரண்டையுமே விரைவாக்கும். ஆகவே வழியையே மாற்ற வேண்டியிருந்தது.

3. வளையத்தைத் திறத்தல்

இரு இலற்றிக் அமில மூலக்கூறுகளிலிருந்து இரு நீர் மூலக்கூறுகளை முன்கூட்டியே நீக்கினால் இலற்றைட்டு எனும் வளைய மூலக்கூறு கிடைக்கும். இவ்வளையம் திறந்து சங்கிலியில் சேரும்போது நீர் வெளியேறாது. எனவே நீண்ட சங்கிலி உருவாகலாம். ஆயினும் ஊக்கியின்றி இவ்வளையம் மிக மெதுவாகவே திறக்கும்.

மூடிய சட்டைப்பின்களைக் கோத்துச் சங்கிலி செய்ய முடியாது. விரல் ஒவ்வொன்றாகத் திறந்து முன்னையதுடன் கொழுவ வேண்டும். அந்த விரலின் வேலையைச் செய்வது வெள்ளீயத்தின் சேர்வையான ஸ்ரனஸ் ஒக்ரோயேற்று. வெள்ளீய அணு வளையத்திலுள்ள ஒட்சிசனுடன் தற்காலிகமாக இணைகிறது, வளையம் திறக்கிறது, திறந்த பகுதி வெள்ளீயத்துக்கும் சங்கிலிக்கும் இடையே புகுகிறது. பின்னர் அதே வெள்ளீயம் அடுத்த வளையத்தைப் பிடிக்கிறது. இதனால் மிகச் சிறிதளவு ஊக்கியே போதுமானது.

வேலை முடிந்ததும் ஊக்கி செயலிழக்கச் செய்யப்படும். இல்லையேல், பொருளை உருக்கி வார்க்கும்போது சங்கிலி மீண்டும் வளையங்களாக உடைவதையும் அது விரைவாக்கிவிடும்.

4. அப்படியாயின் ஏன் உக்குகிறது?

சங்கிலியிலுள்ள எசுத்தர் பிணைப்புகளே காரணம். அவை நீர்ப்பகுப்படைந்து சங்கிலி குறுகும். பின்னர் நுண்ணங்கிகள் அத்துண்டுகளைக் காபனீரொட்சைட்டு, நீர் என்பனவாக மாற்றும். ஆக்கும்போது தொல்லை தந்த நீரே அழிக்கும்போது துணை புரிகிறது. ஆனால் இது விரைவாக நிகழ ஈரப்பதனும் சுமார் 60 பாகை செல்சியஸ் வெப்பநிலையும் நுண்ணங்கிகளும் வேண்டும். ஆகவே "உக்கும்" என எழுதியிருப்பதனால் வாய்க்காலிலோ கடலிலோ வீசலாம் என எண்ணாதீர்கள். அங்கே அது நெடுங்காலம் கிடக்கும்.

கவனிக்க: மாணவர் விடும் தவறுகள்

- "ஊக்கி தாக்கத்தில் பங்குபற்றாது" என எழுதுதல். பங்குபற்றும், முடிவில் மீளக் கிடைக்கும்.
- "ஊக்கி விளைவின் அளவைக் கூட்டும்" என எழுதுதல். கூட்டுவது தாக்கவீதத்தையே.
- உக்கும் தன்மைக்கு ஊக்கியைக் காரணமாகக் கூறுதல். காரணம் பிணைப்பின் வகையே.

பயிற்சி வினாக்கள்

1. பொலித்தீன் உக்காதிருக்கவும் பொலிஇலற்றிக் அமிலம் உக்கவும் காரணம் யாது?
2. இலற்றிக் அமிலத்தை நேரடியாக இணைப்பதிலும் இலற்றைட்டைப் பயன்படுத்துவது சிறந்தது ஏன்?
3. ஊக்கி சிறிதளவே போதுமாவது ஏன்?

விடைகளை உங்கள் சொந்த வசனத்தில் எழுதிப் பாருங்கள். விளங்கி எழுதிய விடை பரீட்சை மண்டபத்தில் மறக்காது.