விமானத்தில் துப்பாக்கி கொண்டு செல்லும் முறை

பணியின் பொருட்டும் பிழைப்பின் பொருட்டும் பிற மாநிலங்களில் வாழும் தமிழருள், உரிமம் பெற்ற துப்பாக்கியை உடையோர் மிகச் சிலரே. ஓய்வுக்குப் பின் வங்கிக் காவற்பணி ஏற்ற முன்னாள் படைவீரர், குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் கலந்துகொள்வோர், தந்தையார் வைத்துச் சென்ற துப்பாக்கிக்கு உரியவரானோர் முதலியோர் அவர்கள். ஊருக்கு வருங்கால் இவர்கள் விமானத்தை நாடினால், விதியறியாமையால் நேரும் சிறு தவறும் வழக்கில் கொண்டு போய் விடக்கூடும். ஆதலின் இதனைக் குறித்து நாம் தெளிவு பெறுதல் நன்று.

பிரயாணிகள் அமரும் அறைக்குள் துப்பாக்கியைக் கொண்டு செல்லலாகாது என்பது முதல் விதி. இதற்குக் காரணம் யாது? 1971ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டது. கடத்தியோர் காட்டியவை போலித் துப்பாக்கியும் போலிக் கையெறி குண்டுமே என்பது பின்னர்த் தெரிய வந்தது. போலியே ஒரு விமானத்தைத் திசைதிருப்ப வல்லதாயின், மெய்யானதைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? இது பற்றியே, விளையாட்டுத் துப்பாக்கியும் கைப்பையில் அனுமதிக்கப்படுவதில்லை.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் விமானப் பாதுகாப்பிற்கென வகுத்த நியமங்களை 1974இல் ஏற்றது. சாமான்களோடு செல்லும் ஆயுதத்திற்கு அந்நியமங்கள் இன்று விதிக்கும் நிபந்தனைகள் இரண்டு. தகுதி பெற்ற ஒருவர் அதனைச் சோதித்து, தோட்டா நிரப்பப்படவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். விமானம் பறக்கும் நேரத்தில் எவர் கைக்கும் எட்டாத இடத்தில் அது வைக்கப்பட வேண்டும். சாமான்களை ஒப்படைக்கும் இடத்தில் நிகழும் நடைமுறைகள் யாவும் இவ்விரண்டையும் நிறைவேற்றுவதற்காகவே அமைந்தவை.

பிரயாணி செய்ய வேண்டுவன எவை? பயணச்சீட்டு வாங்குமுன்னரே விமானக் கம்பெனியிடம் விசாரித்துக் கொள்ளுதல் வேண்டும். ஏனெனில், தோட்டாக்களை ஏற்றுவதற்குக் கம்பெனியின் சம்மதம் இன்றியமையாதது. கட்டணமும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். பயண நாளன்று வழக்கத்தினும் முன்னதாகச் சென்று, சாமான்களை ஒப்படைக்கும் முன்னரே, "என்னிடம் துப்பாக்கி உள்ளது" என்று கூறி உரிமத்தைக் காட்ட வேண்டும். துப்பாக்கியைப் பூட்டிய உறுதியான பெட்டியில் வைத்து, தோட்டாக்களைத் தனியே கட்டி வைத்தல் முறை. சர்வதேச விதிகளின்படி ஒருவர் எடுத்துச் செல்லத்தக்க தோட்டாக்கள், கட்டிய எடையோடு 5 கிலோகிராமுக்கு மேற்படலாகாது. இருவர் சேர்ந்து சென்றாலும் இருவர் பங்கையும் ஒரே கட்டாகக் கட்டுதல் கூடாது. வெடிக்கும் குண்டையோ தீப்பற்றச் செய்யும் குண்டையோ கொண்ட தோட்டாக்களுக்கு இச்சலுகை இல்லை.

இனி, உரிமத்தைப் பற்றி ஒரு சொல். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் உரிமம், எந்த எல்லைக்குள் செல்லும் என்பது அதிலேயே எழுதப்பட்டிருக்கும். ஒரு மாநிலத்திற்கு மட்டும் பெற்ற உரிமத்தோடு வேறு மாநில விமான நிலையத்தில் இறங்குபவர், அங்கே உரிமம் இல்லாதவரே ஆவார். தில்லியிலிருந்து சென்னைக்கு விமானம் மூன்று மணி நேரத்திற்குள் வந்துவிடும். உரிமத்தின் எல்லையோ அதனோடு பறந்து வருவதில்லை. எல்லையை விரிவாக்க விரும்புவோர் உரிமம் வழங்கும் அதிகாரியிடம் முன்னரே விண்ணப்பிக்க வேண்டும்.

தந்தையார் காலமான பின் அவரது துப்பாக்கியைத் தாம் வாழும் நகருக்கு எடுத்துச் செல்ல நினைப்போர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வீடும் நிலமும் மகனைச் சேரலாம். தந்தையின் உரிமம் மகனைச் சேராது. அதனை நம்பி மகன் விமானம் ஏறுதல் குற்றமாகும். துப்பாக்கியை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, தம் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிப்பதே நேரிய வழி.

துப்பாக்கியே எடுத்துச் செல்லாதவருக்கும் ஓர் இடையூறு நேர்வதுண்டு. என்றோ பயன்படுத்திய பையின் மடிப்பில் தங்கிவிட்ட ஒற்றைத் தோட்டா எக்ஸ்ரே திரையில் தோன்றும்; பிரயாணி திகைத்து நிற்பார். 'குன்வந்த்லால்' வழக்கில் 1972இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஆயுதத்தை வைத்திருத்தல் என்பதற்கு அது தம்மிடம் உள்ளது என்னும் அறிவும் வேண்டும் என்று விளக்கியது. எனினும், அறியாமையை நாட்டுவதற்குள் விமானம் போய்விடும். அலைச்சலும் செலவும் எஞ்சும். புறப்படுமுன் பையை உதறிப் பார்க்கும் ஐந்து நிமிடம் இவையனைத்தையும் தவிர்க்கும்.

இறங்கிய பின்னரும் பொறுப்பு முடிவதில்லை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், போர்ட் லாடர்டேல் விமான நிலையத்தில், 2017 ஜனவரி 6 அன்று ஒரு பிரயாணி தாம் முறைப்படி அறிவித்துக் கொண்டுவந்த கைத்துப்பாக்கியைச் சாமான்கள் வரும் இடத்தில் பெற்றுக்கொண்டு, மறைவிடம் சென்று தோட்டா நிரப்பி, ஐவரைச் சுட்டுக் கொன்றார். விமானத்திற்குள் விதி காவல் செய்தது. வெளியே காவல் செய்ய வேண்டியது மனிதர் மனமே என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. சில விமானக் கம்பெனிகள் ஆயுதப் பெட்டியைச் சுழலும் பட்டையில் விடாமல், அடையாளம் பார்த்து உரியவர் கையிலேயே ஒப்படைப்பதன் கருத்தும் இதுவே. பெட்டியைப் பெற்றவர், விமான நிலைய வளாகத்தில் அதனைத் திறவாது நேரே தம் இருப்பிடம் சேர்தல் கடமை.

கேட்குமுன் கூறுதல், நிரப்பாது கொணர்தல், எல்லையறிந்து செல்லுதல் ஆகிய மூன்றையும் கடைப்பிடிப்பவருக்கு இவ்விதிகள் தடையல்ல, துணையே. அதே விமானத்தில் குழந்தைகளோடு ஊர் திரும்பும் பிற குடும்பங்களுக்கும் அவையே காவல்.