பழைய டர்போ டீசல் வண்டி வாங்குமுன்



ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் வீட்டுக்கு ஒரு சைக்கிள் இருந்தாலே பெரிய காரியம். பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. இன்று லயத்து வாசல்களில் கார்கள் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே சேறு படிந்த டீசல் பிக்-அப் வண்டி ஒன்றிரண்டும் நிற்கின்றன. காய்கறி வியாபாரம் செய்பவர், குத்தகை வேலைக்கு ஆள் ஏற்றிச் செல்பவர், சொந்தமாக இரண்டு ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர் ஆகியோருக்கு இது தேவையான வண்டிதான். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை எட்டு, பத்து ஆண்டுகள் வேறொருவர் கையில் ஓடியவை. வாங்கும் பணமோ, பல வீடுகளில், ஐம்பத்தைந்து வயதில் கைக்கு வந்த சேமநிதிப் பணம். பால் வெட்டியும் குலை அறுத்தும் முப்பது ஆண்டுகள் சேர்த்த பணம் ஒரே நாளில் ஒரு வண்டியாக மாறி வாசலில் வந்து நிற்கிறது. அதனால்தான் இதைப் பற்றிப் பேச எண்ணினோம்.

நம் பள்ளியில் பயின்ற ஒரு பையனின் தந்தை அப்படி ஒரு வண்டி வாங்கினார். தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு உரமூட்டைகளை ஏற்றிப் போவது, இறங்கும்போது கோசும் தக்காளியும் கொண்டு வருவது என்று மகனுக்கு ஒரு தொழில் அமைந்தது. நாமும் ஒரு நாள் அந்த வண்டியில் சென்றோம். மலை முழுவதும் நல்ல வேகத்தில் ஏறினான். மேலே ஒரு தேநீர்க் கடை வாசலில் நிறுத்திய மறுநொடியே சாவியைத் திருகி இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கீழே குதித்தான். அன்று அதில் ஒரு தவறும் நமக்குத் தெரியவில்லை. நான்காம் மாதம் வண்டி இழுவை குறைந்தது. ஏற்றத்தில் சீழ்க்கை போல ஓர் ஒலி வந்தது. பின்னால் நீலப் புகை கிளம்பியது. டர்போ போய்விட்டது என்றார்கள்.

டர்போ என்பது என்ன? நம் பாட்டிமார் விறகடுப்பில் ஊதுகுழல் வைத்து ஊதியதை நினைத்துப் பாருங்கள். விறகு அதேதான், காற்று கூடினால் தீ கூடுகிறது. டீசல் இயந்திரத்திற்கும் அதே கணக்குத்தான். உள்ளே போகும் காற்று எவ்வளவோ, அவ்வளவுக்குத்தான் டீசல் நன்றாக எரியும். டர்போவில் ஒரே தண்டின் இரு முனைகளில் இரண்டு சிறு சக்கரங்கள் இருக்கின்றன. வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதோடு சேர்ந்து சுழலும் மற்றொன்று வெளிக்காற்றை அமுக்கி இயந்திரத்திற்குள் தள்ளுகிறது. தன் புகையைக் கொண்டே தனக்குத் துருத்தி ஊதிக்கொள்ளும் உலை என்று சொல்லலாம். ஆல்ஃபிரெட் பியூக்கி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905ஆம் ஆண்டிலேயே இதற்கு உரிமம் பெற்றார். கப்பல்களிலும் ரயில் இயந்திரங்களிலும் பெரிய லோரிகளிலும் உழைத்த பிறகே இது காருக்கு வந்தது. டர்போ டீசல் பொருத்தி விற்பனைக்கு வந்த முதல் கார், 1978இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்டி.

அந்தத் தண்டு சுற்றும் வேகத்தைக் கேட்டால் வியப்பாக இருக்கும். நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல்! தோட்டத்தில் புல் வெட்டும் இயந்திரம் காதைப் பிளந்துகொண்டு சுற்றுகிறதே, அதுகூடப் பத்தாயிரத்தை ஒட்டித்தான் சுற்றும். இவ்வளவு வேகத்தில் இரும்பின்மேல் இரும்பு உராய்ந்தால் என்ன ஆகும்? ஆகவே தண்டு இரும்பைத் தொடாமல், மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்தபடி சுற்றுமாறு அமைத்திருக்கிறார்கள். அது இயந்திரத்தில் ஊற்றும் அதே எண்ணெய்தான். பட்டறையில் 'மினியாக் ஹீத்தாம்' என்பார்களே, அது. ஒரு பென்சில் பருமனே உள்ள குழாய் வழியாக டர்போவுக்கு வருகிறது. உராய்வைத் தடுப்பதும் அதுதான், புகையின் சூட்டை வாங்கிக்கொண்டு போவதும் அதுதான்.

மலையேறி வந்த உடனே இயந்திரத்தை அணைத்தால் அந்த எண்ணெயின் ஓட்டம் அந்தக் கணமே நின்றுவிடும். ஆனால் டர்போவின் சூடு நிற்காது. உள்ளே தேங்கிய எண்ணெய், அடுப்பில் மறந்துவிட்ட தாளிப்புச் சட்டியைப் போலக் காய்ந்து கரியாகப் படியும். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. நூறு நாள் படிந்தால் குழாய் அடைபடும். பாரத்தோடு ஏறி வந்தாலோ, நெடுஞ்சாலையில் விரைந்து வந்தாலோ, அணைக்குமுன் ஓரிரு நிமிடங்கள் இயந்திரத்தைச் சும்மா ஓட விடுங்கள், அது போதும். இதில் தோட்டத்து மக்களுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. பெரிய சாலையிலிருந்து லயம் வரை செம்மண் பாதையில் எப்படியும் மெதுவாகத்தான் வர வேண்டும்; வீடு வந்து சேர்வதற்குள் டர்போ தானே ஆறிவிடும். குண்டும் குழியுமான சாலையினால் கிடைக்கும் ஒரே நன்மை இதுவாகத்தான் இருக்க வேண்டும்! காலையில் இதற்கு நேர்மாறு: இயக்கியவுடன் உறுமவிடாமல், எண்ணெய் மேலே ஏற அரை நிமிடம் பொறுத்து, முதல் சில கிலோமீட்டர் மென்மையாக ஓட்ட வேண்டும்.

இனி அந்தப் பையனின் கதைக்கு வருவோம். முதலில் போன பட்டறையில் 'ஆப்-கட்' கடையிலிருந்து பழைய டர்போ ஒன்று வாங்கிப் பொருத்தினார்கள். இரண்டே வாரத்தில் அதுவும் போயிற்று. இரண்டாவது பட்டறையில் ஒரு முதியவர், டர்போவை விட்டுவிட்டு, எண்ணெய்க் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உள்ளே ஊசி நுழையும் அளவு துளைதான் மிச்சம், மற்றதெல்லாம் கரி. புதிய டர்போவும் பட்டினியால் செத்ததுதான் உண்மை. டர்போ மாற்றுகிறவர்கள் எண்ணெய்க் குழாயையும் புதிதாக மாற்ற வேண்டும்; எண்ணெய், வடிகட்டி இரண்டையும் மாற்றி, எண்ணெய்த் தொட்டியின் அடியில் உள்ள சல்லடையையும் பார்க்க வேண்டும். முதல் டர்போ எதனால் போயிற்று என்று சொல்லத் தெரியாத பட்டறையில் இரண்டாவதைப் பொருத்தாதீர்கள்.

பாதிக் குற்றம் பையனுடையது. பாதி, வண்டியை முன்பு வைத்திருந்தவருடையது. நான்கே மாதத்தில் அவ்வளவு கரி படியாது. நாம் வாங்குவது வண்டியை மட்டுமன்று, முன்னவரின் பழக்கங்களையும் சேர்த்துத்தான். அவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது?

விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: நாங்கள் வரும்வரை இயந்திரத்தை இயக்க வேண்டாம் என்று. போனதும் முன்மூடியின்மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்த இயந்திரந்தான் உண்மை பேசும். இயக்கும்போது ஒருவர் பின்னால் நின்று புகையைக் கவனிக்கட்டும். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை நிற்காமல் வந்தால் காற்று போதவில்லை, அல்லது டீசல் மிகுதியாகச் சொரிகிறது என்று பொருள். வெண்புகை சற்று நேரத்தில் மறைந்தால் பரவாயில்லை; சூடேறிய பின்னும் தொடர்ந்தால் தண்ணீர் உள்ளே போகிறதோ என்று ஐயப்பட வேண்டும். இயந்திரம் மெதுவாக ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் கெட்டில் வாயிலிருந்து ஆவி வருவது போலக் குப்குப்பென்று வருகிறதா? பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன. அந்த வண்டியை விட்டுவிடலாம்.

எண்ணெய்க் குச்சியை எடுத்துப் பார்த்து, கறுப்பாக இருக்கிறது என்று பலர் பயப்படுவதுண்டு. டீசல் இயந்திரத்தில் புது எண்ணெயும் சில நாளில் கறுத்துவிடும், அது குற்றமன்று. தே தாரிக் நிறத்தில் இருந்தால்தான் ஆபத்து, தண்ணீர் கலந்திருக்கிறது. அளவு மேல்கோட்டைத் தாண்டி, டீசல் வாடை அடித்தால் அதுவும் ஆபத்து. 2021 டிசம்பரில் சிலாங்கூரில் வந்த பெருவெள்ளத்தில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. கழுவித் துடைத்தால் வெளியே தெரியாது. இருக்கைகளின் அடிக்கம்பிகளில் துரு, பாதுகாப்பு வாரை முழுவதும் இழுத்தால் அடியில் சேற்றுக் கறை, இவற்றைப் பாருங்கள். பெயர் மாற்றத்திற்கு முன் நடக்கும் சோதனை, வண்டி அதே வண்டிதானா என்பதைப் பார்ப்பதற்கே முக்கியமாக உரியது. அதில் தேறிய வண்டியின் டர்போ நன்றாக இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. உங்கள் சொந்த மெக்கானிக்கை அழைத்துச் சென்று, காற்றுக் குழாயைக் கழற்றி அந்தச் சிறு சக்கரத்தை விரலால் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் இம்மியளவு அசைவது இயல்பு. முன்னும் பின்னும் அசைந்தாலோ, இறக்கைகள் சுவரை உரசியிருந்தாலோ அதன் காலம் முடிந்தது.

டைமிங் பெல்ட்டையும் கேட்க வேண்டும். டொயோட்டா ஹைலக்ஸின் பழைய 2.5 லிட்டர் இயந்திரத்திலும், மிட்சுபிஷி ட்ரைட்டனின் பழைய 2.5 லிட்டர் இயந்திரத்திலும் ரப்பர் பெல்ட் உண்டு. இசுசு டி-மேக்ஸ் 3.0 போன்றவற்றில் சங்கிலி. பெல்ட்டை வண்டிக்கு வண்டி ஒரு லட்சம் முதல் ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்குள் மாற்றியிருக்க வேண்டும். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதி, இயந்திரமே போகும்.

வாங்கிய பின் பராமரிப்பு பெரிய வித்தையன்று. கையேட்டில் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றச் சொல்லியிருந்தாலும், பாரமும் மலையும் புழுதியும் உள்ள நமக்கு ஐயாயிரமே சரி. டப்பாவில் 'சி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் தரக்குறி டீசல் இயந்திரத்திற்கு, 'எஸ்' பெட்ரோலுக்கு. கையேடு சொல்லும் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். காற்று வடிகட்டியைச் செம்மண் புழுதிக் காலத்தில் மாதம் ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டும். அங்கே தப்பி நுழையும் மணல் அந்தச் சக்கரத்தை அரம்போல் தேய்க்கும்.

டீசல் வடிகட்டியைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். இக்கால டீசல் வண்டிகளில், ஆயிரம் பார் அழுத்தத்திற்கு மேல் டீசலை மயிரிழைத் துளைகள் வழியாகப் பீய்ச்சுகிறார்கள். நம் கார் டயரில் இருப்பது இரண்டு பாருக்குச் சற்று மேல்தான். அந்தத் துளையில் ஒரு சொட்டுத் தண்ணீரும் தூசும் செய்யும் கேடு மிகப் பெரிது. (இயந்திரம் ஓடும்போது அந்தக் குழாய்களை எக்காரணம் கொண்டும் தளர்த்தக் கூடாது, பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.) நாம் அறுக்கும் செம்பனைக் குலையின் எண்ணெயும் இன்று டீசலில் கலந்து வருகிறது, 2019இல் அந்தக் கலப்பு பத்து விழுக்காடாக உயர்த்தப்பட்டது. நமக்குப் பெருமைதான். ஆனால் இத்தகைய எண்ணெய் ஈரத்தை ஈர்க்கும், பழைய தொட்டியில் படிந்த கசடையும் கரைத்துக் கொண்டுவரும். ஆகவே வாங்கியதும் டீசல் வடிகட்டியை மாற்றி, அதன் அடியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள். கொல்லையில் டிரம்மில் பல மாதம் கிடந்த டீசலை ஊற்றாதீர்கள்.

டர்போவின் எண்ணெய்த் தடுப்பு அடியோடு போனால் ஒரு விபரீதம் நிகழலாம். இயந்திரம் தன் எண்ணெயையே எரிபொருளாகக் குடித்து, சாவியை எடுத்த பின்னும் நிற்காமல் வெறிபிடித்தாற்போல் ஓடும். கியர் வண்டியானால் பிரேக்கை அழுத்தமாக மிதித்து, மேல் கியரில் போட்டு, கிளட்ச்சைச் சட்டென்று விட வேண்டும், அடங்கிவிடும். அப்போதும் நிற்காவிட்டாலோ, ஆட்டோ வண்டியானாலோ, எல்லோரையும் இறக்கித் தொலைவில் நிறுத்துங்கள். முன்மூடியைத் திறந்து கைவிட வேண்டாம்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. டீசல் மலிவு என்பதற்காகவே இந்த வண்டியை வாங்கிய காலம் ஒன்று இருந்தது. 2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்பத்தில் ஒரு லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாயிற்று. பாரம் இழுக்கிற வேலை இல்லாதவர், பள்ளிக்கும் சந்தைக்கும் போய்வர மட்டும் இதை வாங்குவதை நாம் ஆதரிக்க மாட்டோம். சிறிய பெட்ரோல் கார் போதும். வேலை இருக்கிறது என்றால், கையில் உள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கையாவது முதலாண்டுப் பழுதுக்கென்று ஒதுக்கி வையுங்கள். அந்தத் தந்தையிடம் அது இல்லை. இரண்டாவது டர்போவுக்கு மனைவியின் சங்கிலி அடகுக்குப் போயிற்று.

வண்டி இப்போது ஓடுகிறது. சங்கிலியும் சென்ற தீபாவளிக்கு முன் மீண்டு வந்துவிட்டது. டாஷ்போர்டுப் பெட்டிக்குள் நம் பள்ளி மாணவர் பயன்படுத்தும் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. எண்ணெய் மாற்றிய நாள், கிலோமீட்டர், வடிகட்டி மாற்றிய நாள் எல்லாவற்றையும் ஐந்தாம் வகுப்பில் படிக்கும் தங்கை எழுதி வைக்கிறாள். ரிங்லெட் கடை வாசலில் அண்ணன் வண்டியை நிறுத்தியதும், இரண்டு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து, "இப்ப அடைங்க அண்ணே" என்று சொல்வதும் அவள்தானாம்.